பிள்ளை பிடிக்கப் போனவன்

அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் வருடத்துக்கு ஒருமுறை பிள்ளை பிடிக்கப் போவார்கள். இது நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்வது (அதிகாரிகள் எதிரில் இருந்தால் ‘மாணவர் சேர்க்கை விழிப்புணர்வு’ என்போம்). வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி, தனியார் பள்ளி வேன் அள்ளிப் போனது போக மிச்சமிருக்கும் பிள்ளைகளை எங்கள் பள்ளிக்குக் கேட்டு வாங்கி வருவோம். தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் இதைச் செய்கிறார்கள். அவர்களில் நிஜமாகவே பிள்ளை பிடிக்கிறவன் என்று பிடிபட்டு, ஓர் அறையில் வைத்துப் பூட்டப்பட்டவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

அப்போது கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு மாறுதலில் வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. தலைமை ஆசிரியை மரகதம் டீச்சர், மகப்பேறு விடுப்பில் இருந்த இன்னொரு டீச்சர், பிறகு நான். ஆகஸ்டில் எங்கள் இலாகாவில் தலை எண்ணுவார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்திருந்தால் ஓர் ஆசிரியர் உபரி என்று முடிவாகி, பணிநிரவல் என்ற பெயரில் வேறு ஊருக்கு அனுப்பப்படுவார். யார் உபரி என்று கண்டுபிடிக்கக் கமிட்டி எதுவும் தேவைப்படவில்லை. கடைசியாக வந்தவன் நான்.

காலியிடம் ஆனைமலைக்கும் மேலே, தேயிலைத் தோட்டத்துக்குள் ஒரு பள்ளியில் இருப்பதாகத் தகவல் வந்தது. எனக்குக் கல்யாணமாகி முழுதாக ஒரு வருடம் ஆகவில்லை. மனைவி கவிதாவுக்குக் கோயம்புத்தூரில் வேலை. அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“அங்க ஆனையெல்லாம் வருமாமே?” என்று கேட்டாள்.

“வரும்” என்றேன்.

“அப்ப நீங்க போயிட்டு வாங்க” என்றாள்.

அன்று ராத்திரியே நான் களத்தில் இறங்குவதாக முடிவெடுத்தேன்.

ஜூலை பாதி தாண்டியிருந்தது. ஊர்க்காரர்களின் பிள்ளைகள் எல்லாம் எங்கெங்கோ சேர்ந்து, புதுச் சீருடை ஒருமுறை துவைக்கவும் பட்டிருந்தது. ஆனால் பள்ளியிலிருந்து கொஞ்ச தூரத்தில் பொன்னுசாமி என்பவருக்குச் சொந்தமான விசைத்தறிக் கூடம் இருந்தது. அதை ஒட்டி வரிசையாகச் சிறு வீடுகள். அவற்றில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் இருந்தன. பள்ளி நேரத்தில் அந்தப் பக்கம் போனால் பத்துப் பதினைந்து பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பது தெரியும். எந்தப் பள்ளியிலும் சேராத பிள்ளைகள். எனக்கு அது புதையலைப் பார்த்த மாதிரி இருந்தது.

மரகதம் டீச்சரிடம் சொன்னேன். அவரும் அந்தப் பிள்ளைகளைப் பற்றி யோசித்து வைத்திருந்தார். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து பெற்றோர் வந்த பிறகு போகலாம், முதலில் அவர்களிடம் பேசலாம், திங்கட்கிழமை இரண்டு பேரும் சேர்ந்தே போகலாம் என்றார். எல்லாவற்றுக்கும் சரிங்க டீச்சர் என்று தலையாட்டினேன். மனசுக்குள் மட்டும், பாவம், பழைய காலத்து ஆள், வேகம் போதாது என்று நினைத்துக்கொண்டேன். (எனக்கு அந்த வயதில் என்னைத் தவிர எல்லோரும் பழைய காலத்து ஆளாகத்தான் தெரிந்தார்கள்.)

என்னுடைய திட்டம் வேறு. சனிக்கிழமை மதியம் போவது. பிள்ளைகளை வண்டியில் ஏற்றிப் பள்ளிக்கு அழைத்து வருவது. வகுப்பறை, ஊஞ்சல், சத்துணவுக் கூடம் எல்லாம் காட்டி, சுவர் ஓவியத்துக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்து, ஷிப்ட் முடிவதற்குள் திருப்பிக் கொண்டுபோய் விடுவது. அப்புறம் பிள்ளைகளே பெற்றோரை நச்சரித்துச் சேர்த்துவிடும். இதில் பெற்றோர் சம்மதம் எங்கே வருகிறது என்று நீங்கள் கேட்கலாம். வரவில்லை. அதுதான் இந்தத் திட்டத்தின் சிறப்பு என்று நினைத்திருந்தேன்.

வண்டிக்குக் கவிதாவின் தம்பி கார்த்தியிடம் அவனுடைய ஆம்னி வேனைக் கேட்டேன். கேட்டரிங் தொழில் செய்கிறான். பாத்திரங்கள் வெயிலில் சூடேறாமல் இருக்க, பின்பக்கக் கண்ணாடி முழுவதும் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். பத்திரமாகத் திருப்பிக் கொடுங்க மச்சான் என்று சொல்லிச் சாவியைத் தந்தான். பிள்ளைகளுக்குக் காட்ட விலையில்லா நோட்டும் பையும் எடுத்துக்கொண்டேன். அவற்றைக் கட்ட வேறெதுவும் கிடைக்காததால் ஒரு பெரிய கோணிச்சாக்கில் போட்டேன். வழியில் ஒரு பாக்கெட் மிட்டாய் வாங்கினேன். ஆடிக் காற்று புழுதியை வாரிக் கண்ணிலும் வாயிலும் அடித்துக்கொண்டிருந்தது. அதனால் கறுப்புக் கண்ணாடி போட்டு, முகத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டேன்.

இப்போது எழுதும்போது எல்லாம் ஒன்றாகக் கண்ணில் படுகிறது. அன்று ஒன்றுகூட உறுத்தவில்லை.

என்னுடைய பெரிய பலம் என்று நான் நம்பியது என் இந்தி. சின்ன வயதில் பக்கத்துத் தெருவில் டியூஷன் போய் இரண்டு பரீட்சை பாஸ் செய்திருக்கிறேன். ‘இது பேனா’, ‘அது மேஜை’ என்ற அளவில் சரளமாகப் பேசுவேன். வடக்கேயிருந்து வந்தவர்களிடம் இந்தியில் பேசினால் உருகிவிடுவார்கள் என்பது என் கணிப்பு. ஒடிசாக்காரர்களுக்கு ஒடியா என்று தனியாக ஒரு மொழி இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எந்த மாநிலத்துக்கு எந்த மொழி என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே நடத்தியிருக்கிறேன். அன்றைக்கு ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

வேனை வரிசை வீடுகளுக்கு முன்னால் நிறுத்தி, சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். பெரியவர்கள் யாரும் கண்ணில் படவில்லை. தறிச்சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிள்ளைகளைக் கூப்பிட்டு மிட்டாயை நீட்டினேன். “சலோ, ஹமாரே சாத் ஆவோ” என்றேன். வாங்க, எங்கூட வாங்க. பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் இந்தி புரிந்துதான் சிரிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பேசினேன்.

காற்று பலமாக இருந்ததால், கடைசியில் ஆளில்லாமல் திறந்து கிடந்த அறைக்குள் எல்லோரையும் அழைத்துப் போனேன். பெயர் கேட்டேன். ஆளுக்கொரு போட்டோ எடுத்தேன். பிறகு அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு செல்பி எடுத்து, எங்கள் ஒன்றிய ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே ஒரு வரி எழுதினேன். ‘பதினாலு பிள்ளைகள் பிடிச்சாச்சு. வண்டியில் ஏற்றுவது மட்டும் பாக்கி.’

உடனே நாலைந்து கைதட்டல் பொம்மைகள் வந்தன. நான் அவற்றை ரசித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தூக்கத்திலிருந்து எழுந்து வந்த முகம். பெயர் சுமித்ரா என்பதும், பக்கத்து நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தவள் என்பதும் பிறகு தெரிந்தவை. என்னையும் சாக்கையும் பார்த்தாள். வெளியே நின்ற வேனைப் பார்த்தாள். நான் எழுந்து கும்பிட்டு, என் வாழ்நாளிலேயே நீளமான இந்தி வாக்கியத்தைச் சொன்னேன். “பைசா நஹீ தூங்கா. சிர்ஃப் பச்சே சாஹியே.”

நீங்கள் பணம் எதுவும் கட்ட வேண்டாம், பிள்ளைகளை அனுப்பினால் போதும் என்பது நான் சொல்ல வந்தது. பணம் தர மாட்டேன், பிள்ளைகள் மட்டும் வேண்டும் என்பது நான் சொன்னது.

அவள் வாசலை விட்டு ஓரமாக நகர்ந்தாள். பிள்ளைகளைப் பார்த்து அவள் மொழியில் அமைதியாக ஏதோ சொன்னாள். ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். சாப்பிடக் கூப்பிடுகிறாள் போலிருக்கிறது, சாப்பிட்டுவிட்டே கிளம்பட்டும் என்று நான் தாராளமாகக் கையசைத்து வழியனுப்பினேன். கடைசிப் பிள்ளை வெளியேறியதும் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. காற்று என்று நினைத்தேன். பிறகு வெளித்தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. எவ்வளவு பலமான காற்றும் தாழ்ப்பாள் போடாது என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்தியில் விளக்க ஆரம்பித்தேன். நான் அரசாங்க ஆள், பிள்ளைகளைக் கொண்டுபோக அரசாங்கமே அனுப்பியது, இன்னும் நிறையப் பிள்ளைகள் தேவைப்படுகிறார்கள் என்றெல்லாம் சொன்னேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வெளியே ஆள் சேர்ந்துகொண்டே போனது. தறிக்கூடத்தில் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. சிலர் கையில் கட்டை இருந்தது. அந்த வாரம் முழுக்கப் பிள்ளை கடத்துகிறார்கள் என்று ஒரு பொய்யான வீடியோ எல்லோர் போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. அது எனக்கும் வந்திருந்தது. நானும் பத்துப் பேருக்கு அனுப்பியிருந்தேன்.

அப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது. கட்டையோடு இரண்டு பேர் கதவை நோக்கி வர, சுமித்ரா கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். முதலாளி வரட்டும், அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது என்று அவள் அவர்களிடம் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவள் என்னைப் பிடித்து வைத்திருக்கிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன். பாதுகாத்தாள் என்பது உறைக்க இரண்டு நாளானது.

மரகதம் டீச்சருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. அவினாசியில் ஒரு வளைகாப்பில் இருந்தார். கவிதாவைக் கூப்பிட்டேன். முழுதாகக் கேட்டுவிட்டு, அடையாள அட்டை ஃபிரிட்ஜ் மேலேயே கிடக்கிறது, காலையிலேயே பார்த்தேன் என்றாள். அடுத்து கார்த்தி. விஷயத்தைச் சொன்னேன்.

“வேனுக்கு ஒண்ணும் ஆகலீங்களே மச்சான்?” என்றான்.

ஒருவழியாகப் பொன்னுசாமி வந்தார். கூட்டம் வழிவிட்டது. சுமித்ரா அவரிடம் பேசியது ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

“ஆரோ வடநாட்டுக்காரனுங்க முதலாளி. தமிழ் தெரியாதுங்க. புள்ள புடிக்க வந்திருக்கறான்.”

எனக்கு ஒரு நிமிடம் தலை சுற்றியது. நம் ஊர்த் தமிழ். அதுவும் என் மாமியார் பேசுகிற அதே தமிழ் (பல வருடமாக இந்தப் பக்கத்து மில்களில்தான் வேலையாம்). கம்பியில் முகத்தை வைத்து, ஐயோ, நான் தமிழ்தானுங்க, பள்ளிக்கூடத்து வாத்தியாருங்க என்று கத்தினேன்.

இது உதவும் என்று நினைத்தேன். அவள் கண் சுருங்கியது. “தமிழ் தெரிஞ்சுமா இத்தன நேரம் தெரியாத மாதிரி நடிச்சீங்க?” என்றாள்.

பொன்னுசாமி பொறுமைசாலி. வாத்தியார் என்பதற்கு அடையாளம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எனக்குச் சட்டென்று வாட்ஸ்அப் குழு ஞாபகம் வந்தது. ஒன்றியத்து ஆசிரியர்கள் மொத்தப் பேரும் அதில் இருக்கிறார்களே. குழுவைத் திறந்து போனைக் கம்பிக்குள் நுழைத்து அவர் கையில் கொடுத்தேன். கடைசியாக நான் எழுதியதை அவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார்.

“பதினாலு பிள்ளைகள் பிடிச்சாச்சு. வண்டியில் ஏற்றுவது மட்டும் பாக்கி.”

அதற்குக் கீழே கைதட்டல்கள். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்க மாட்டேன். அந்த நேரம் பார்த்து அவர் கையிலிருந்த போன் அடித்தது. மரகதம் டீச்சர்தான் திரும்பக் கூப்பிடுகிறார். தலைமை ஆசிரியை என்பதால் அவர் எண்ணைச் சுருக்கமாக ‘ஹெட்’ என்று பதிந்து வைத்திருந்தேன்.

“ஹெட்டுன்னு வருது” என்றார் பொன்னுசாமி. கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். “இந்தக் கும்பலுக்கு ஹெட்டு வேற இருக்குது.”

ஆனாலும் எடுத்துப் பேசினார். பேசப் பேச அவர் குரல் மாறியது. அவருடைய மகனுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்ததே மரகதம் டீச்சர்தான் என்று பிறகு தெரிந்தது. சரிங்க டீச்சர், வாங்க டீச்சர் என்று சொல்லிப் போனை வைத்தார். கட்டைகள் கீழே இறங்கின. ஆனால் தாழ்ப்பாளை யாரும் எடுக்கவில்லை. டீச்சர் நேரில் வந்து ஆளைப் பார்த்துச் சொல்லட்டும் என்று சுமித்ரா உறுதியாக இருந்தாள்.

வளைகாப்பிலிருந்து நேராக வந்தார் டீச்சர். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, இரண்டு கையிலும் புதுக் கண்ணாடி வளையல். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். அந்தப் பூவையும் புடவையையும் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“சாப்பிட்டீங்களா சார்?” என்றார்.

“இல்லீங்க டீச்சர்.”

அவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். அம்மாக்கள், அப்பாக்கள், இடுப்பிலும் கையிலுமாகப் பிள்ளைகள். தறி ஓட்டுகிறவர்கள் மொத்தப் பேரும் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். டீச்சர் ஒரு முறை கண்ணை ஓடவிட்டார். பிறகு ஜன்னலுக்குப் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

“கொஞ்சம் பொறுத்துக்கங்க சார். இத்தன பெத்தவங்க ஒண்ணா நின்னு என்ற சர்வீஸ்ல நான் பாத்ததே இல்லீங்க. இப்பக் கதவத் தொறந்தா கூட்டம் கலைஞ்சு போயிரும்.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து நடந்த சேர்க்கை முகாமை நான் கம்பிக்குள்ளிருந்து பார்த்தேன். பொன்னுசாமி ஒரு நாற்காலி போடச் சொன்னார். டீச்சர் உட்கார்ந்து, கையைக் காட்டி, இவர் எங்கள் சார்தான், கொஞ்சம் ஆர்வக்கோளாறு, மற்றபடி நல்ல பையன் என்று என்னை அறிமுகப்படுத்தினார். எல்லோரும் ஒரு முறை என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நான் கும்பிட்டேன். நாங்கள் யாருடைய பிள்ளையையும் பிடித்துக்கொண்டு போக மாட்டோம், நீங்களே கொண்டுவந்து விடுங்கள், நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள் என்று அவர் நிதானமாகச் சொல்ல, சுமித்ரா அதை ஒடியாவில் மற்றவர்களுக்குச் சொன்னாள்.

பிறகு அவள் தனக்கென்று ஒரு கேள்வி கேட்டாள். போன வருடம் வேறோர் ஊரில் மகள் பிங்கியைச் சேர்க்கப் போனபோது, சேர்க்கை முடிந்துவிட்டது, ஜூனில் வா என்று அனுப்பிவிட்டார்களாம். இந்த வருடம் ஜூனில் ஊருக்குப் போக வேண்டியதாகிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் மறுபடியும் ஜூலை.

“தேதி போயிருச்சுங்களா டீச்சர்?” என்றாள்.

“தேதியெல்லாம் ஒண்ணும் இல்ல அம்மணி. எந்த மாசம் வந்தாலும் சேத்தியே ஆகோணும், அதுக்குச் சட்டமே இருக்குது. காயிதம் எல்லாம் பொறகு பாத்துக்கலாம். புள்ள பேரச் சொல்லு.”

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அதைக் கேட்டதும் காது சூடானது. அவளுக்குச் சேர்க்கத்தான் ஆசை. ஒரு வருடமாக ஆசை. வேனும் சாக்கும் மிட்டாயும் இந்தியும் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு கதவைத் தட்டி, ஏனுங்க, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறீங்களா என்று நம் மொழியில் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

என் சாக்கில் இருந்ததை ஒவ்வொன்றாகக் கம்பி வழியே கேட்டு வாங்கி, பதினாலு பிள்ளைகளுக்கும் பையும் நோட்டும் டீச்சரே கொடுத்தார். அதெல்லாம் முடிந்து, கூட்டம் பிரியத் தொடங்கிய பிறகுதான் சுமித்ரா வந்து தாழ்ப்பாளை எடுத்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்து, பரவாயில்லை என்று சொல்ல வாயைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆள் நான்தான் என்பதால் நானே கேட்டேன். அவள் சரிங்க சார் என்றாள். பள்ளியில் மட்டும் இந்தி பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ராத்திரி ஷிப்ட் முடிந்த கையோடு பதினாலு பிள்ளைகளையும் அவளே நடத்திக் கூட்டி வந்தாள். வாசலில் நின்று தலையை எண்ணி உள்ளே விட்டாள். சாயங்காலம் எண்ணி வெளியே எடுத்தாள். அந்த மாதம் முழுக்க இது நடந்தது. ஒரு தலை குறைந்தாலும் முதலில் என்னைத்தான் பார்ப்பாள். ஆகஸ்டில் அதிகாரிகள் வந்து எண்ணியபோது எண்ணிக்கை போதுமான அளவுக்கு மேலேயே இருந்தது. நான் ஆனைமலைக்குப் போகவில்லை. ஆனையைப் பார்க்க வேண்டும் என்றால் கோயிலுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறோம்.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஓடிவிட்டன. மரகதம் டீச்சர் ஓய்வு பெற்றார். கவிதாவின் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும், யாராவது ஒரு சித்தி கைக்குழந்தையை என்னிடம் நீட்டி, பிறகு ஞாபகம் வந்தவள்போலப் பின்னால் இழுத்துக்கொள்வாள். பந்தியே சிரிக்கும். என் மகள் இப்போது எங்கள் பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுக்கும் கதை தெரியும். தெரியாத மாதிரி நடித்து, மறுபடியும் சொல்லச் சொல்லுவாள்.

பிங்கி இப்போது வேறு பள்ளியில் எட்டாம் வகுப்பு, அவள் தம்பி எங்களிடம் படிக்கிறான். சுமித்ராதான் இப்போது எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. கூட்டங்களில் எனக்கு எதிரே உட்கார்ந்து, கழிப்பறைக் கதவிலிருந்து சத்துணவு முட்டை வரைக்கும் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்பாள். பொறுப்புத் தலைமை ஆசிரியர் என்ற முறையில் நான் எழுந்து நின்று பதில் சொல்வேன். ஒவ்வொரு ஜூலையிலும் கூட்டம் முடிந்து கிளம்பும்போது தவறாமல் அதே மரியாதையோடு கேட்பாள்.

“இந்த வருசம் அட்மிசன் எப்படிங்க சார்? கம்மியா இருந்தாச் சொல்லுங்க, அந்த ரூமு காலியாத்தான் இருக்குது.”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் போன வருடம் இரண்டு பிள்ளைகள் குறைந்தபோது, ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தேன்.